காத்திருக்க நேரம் தராத தைராய்டு புற்றுநோய்

தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் ‘அனாபிளாஸ்டிக்’ வகை வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை கைவிடப்பட்ட நோயாக இருந்த இதில், இன்று சிலருக்கு வழி திறந்திருக்கிறது. அந்த வழி திறக்குமா என்பது பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களில் முடிவாகிறது.

“தைராய்டு புற்றுநோய்தானே, கவலைப்படாதீங்க. ஆபரேஷன் செஞ்சா சரியாயிடும்.”

உறவினர் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் இந்த ஆறுதலை நீங்களும் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். அதில் தவறில்லை. தைராய்டு புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை ‘பாப்பிலரி’ என்ற வகையைச் சேர்ந்தவை. அவை மெதுவாக வளரும். அறுவை சிகிச்சைக்கும் கதிரியக்க அயோடினுக்கும் நன்றாகக் கட்டுப்படும். இந்த வகை வந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பி, தினம் ஒரு மாத்திரையோடு வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள்.

ஆனால் அதே சுரப்பியில் வரும் இன்னொரு புற்றுநோய்க்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அதன் பெயர் அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய். எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனால் தைராய்டு புற்றுநோயால் ஏற்படும் மரணங்களில் அதன் பங்கு மிகப் பெரிது. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. பாப்பிலரி வகையை ஆண்டுக் கணக்கில் கவனித்து வரும் மருத்துவர்கள், இதை நாள் கணக்கில் பார்க்கிறார்கள்.

நெடுங்காலமாக இந்த நோயைக் கண்டறிந்த மருத்துவர்களால் குடும்பத்தாரிடம் சொல்ல முடிந்தது கொஞ்சமே. 2018ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்த நிலை ஓரளவு மாறியிருக்கிறது. எல்லாருக்கும் மாறவில்லை, ஒரு பகுதியினருக்கு மாறியிருக்கிறது. அந்தப் பகுதியில் நம் அம்மாவோ மாமாவோ இருக்கிறார்களா என்பதை ஒரு பரிசோதனை சொல்லிவிடும். அதை உடனே கேட்டுப் பெறத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே சுரப்பி, வேறு நோய்

தைராய்டு, கழுத்தின் முன்பகுதியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பி. அது இருக்கும் இடம் நெரிசலான இடம். அதை ஒட்டியே மூச்சுக்குழல், அதற்குப் பின்னால் உணவுக்குழல், பக்கவாட்டில் மூளைக்குச் செல்லும் பெரிய ரத்தக்குழாய்கள், குரல்நாண்களை அசைக்கும் மெல்லிய நரம்புகள். இந்த இடத்தில் வேகமாக ஒன்று வளர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது பேச்சு, விழுங்குதல், மூச்சு.

சாதாரண தைராய்டு செல்கள் அயோடினை இழுத்து ஹார்மோன் தயாரிக்கின்றன. பாப்பிலரி வகைப் புற்றுநோய் செல்களும் பெரும்பாலும் அந்தப் பழக்கத்தை முழுவதும் மறப்பதில்லை. அதனால்தான் கதிரியக்க அயோடினை உட்கொள்ளச் செய்தால் அது தானாகவே அந்தச் செல்களைத் தேடிப்போய் அழிக்கிறது. அனாபிளாஸ்டிக் செல்கள் தைராய்டு செல்லுக்குரிய இயல்புகளை இழந்துவிட்டவை. அயோடினை அவை இழுப்பதில்லை. ஆகவே மற்ற வகைகளில் கைகொடுக்கும் அந்தச் சிகிச்சை இங்கே பயன்படாது.

பல நோயாளிகளிடம் இது திடீரென்று முளைத்ததாகவும் இருப்பதில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு சாதாரணத் தைராய்டு புற்றுநோயின் ஒரு பகுதி, மேலும் சில மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு இப்படி மாறிவிடுகிறது. நீண்ட காலமாகக் கழுத்துக் கழலை உள்ளவர்களிடம் இது வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மற்ற புற்றுநோய்களுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிகள் உள்ளன. அனாபிளாஸ்டிக் வகைக்கு அப்படியில்லை. கண்டறியும்போதே அது நான்காம் நிலை என்றுதான் வகைப்படுத்தப்படுகிறது. அதற்குள் மூன்று பிரிவுகள்: சுரப்பிக்குள்ளேயே இருந்தால் 4ஏ, கழுத்தின் மற்ற பகுதிகளுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருந்தால் 4பி, நுரையீரல் போன்ற தூர உறுப்புகளுக்குச் சென்றிருந்தால் 4சி. “நான்காம் நிலை” என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நான்கில் எந்த எழுத்து என்று கேளுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும்.

“இது பல வருஷமா இருக்கிற கட்டிதான்”

நம் வீடுகளில் கழுத்துக் கழலையோடு இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பாட்டிமார்கள் உண்டு. வலிக்காது. தொந்தரவு செய்யாது. புகைப்படங்களில் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொள்வார்கள். அந்தக் கழலை ஒரு மாதத்தில் பெரிதாகும்போதும், “இது பழசுதான், விடு” என்றே சொல்வார்கள். பழகிப்போன கட்டி என்பதாலேயே அதன் மாற்றம் கண்ணில் படாமல் போகிறது.

கழுத்தில் தோன்றும் தைராய்டுக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆகவே ஒவ்வொரு கட்டிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேகத்தை. கீழே உள்ளவற்றில் எதுவும் தெரிந்தால் அடுத்த மாதப் பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது:

• கழுத்துக் கட்டி சில வாரங்களில், சில வேளை சில நாள்களிலேயே, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாவது
• கட்டி கல்லைப் போல் கெட்டியாகி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருப்பது
• சளி, இருமல் இல்லாமலேயே குரல் கரகரப்பாக மாறி அப்படியே நீடிப்பது
• சோறு, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர் என்று விழுங்குவது படிப்படியாகக் கடினமாவது
• படுத்தால் மூச்சு முட்டுவது

மூச்சை இழுக்கும்போது ‘கீச்’ என்ற சத்தம் வந்தால் அது அவசர நிலை. பலதுறை மருந்தகத்திலோ கிளினிக்கிலோ வரிசையில் உட்காராமல் நேராக மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதியவரின் கழுத்தில் வேகமாக வளரும் கட்டி எப்போதும் அனாபிளாஸ்டிக் வகையாக இருக்க வேண்டியதில்லை. தைராய்டில் வரும் ‘லிம்ஃபோமா’ எனும் நிணநீர்ப் புற்றுநோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வரும். நீண்ட காலம் ‘ஹஷிமோட்டோ’ எனும் தைராய்டு அழற்சி உள்ளவர்களிடம் அது அதிகம் காணப்படுகிறது. லிம்ஃபோமாவுக்குப் பெரும்பாலும் பெரிய அறுவை சிகிச்சையே தேவைப்படாது. மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கட்டுப்படும். வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியது திசுப் பரிசோதனை மட்டுமே. பயந்து தள்ளிப்போட்டால், எளிதில் குணமாகக்கூடிய நோயையும் கைவிட்டவர்களாகிவிடுவோம்.

முதல் வாரத்தில் நடக்க வேண்டியவை

அமெரிக்கத் தைராய்டு சங்கம் இந்த நோய்க்கென்று 2012இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 2021இல் அதைப் புதுப்பித்தது. அதில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுவது வேகம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பழகிய பரிசோதனைகளை இந்த நோயில் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாவது, மூச்சுப் பாதை. காது, மூக்கு, தொண்டை நிபுணர் மெல்லிய குழாய்க் கேமரா மூலம் குரல்நாண்கள் அசைகின்றனவா, மூச்சுக்குழல் எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்.

இரண்டாவது, திசு. தைராய்டுக் கட்டி என்றால் வழக்கமாக மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அனாபிளாஸ்டிக் கட்டியின் உட்பகுதி பல வேளைகளில் அழுகிப்போயிருக்கும். அதனால் மெல்லிய ஊசியில் “தெளிவான முடிவு இல்லை” என்று அறிக்கை வரலாம். அப்படி வந்தால் நிம்மதியடைந்து வீட்டுக்குப் போய்விடக் கூடாது. சற்றுத் தடித்த ஊசியால் சிறு துண்டுத் திசுவாக எடுத்துப் பார்க்கும் ‘கோர் பயாப்சி’ தேவைப்படும்.

மூன்றாவது, ஸ்கேன். கழுத்து, மார்பு, வயிறு, மூளை ஆகியவற்றைப் படமெடுத்து நோய் எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுக்கொள்வார்கள்.

நான்காவதுதான் நிலைமையை மாற்றியிருக்கும் பரிசோதனை. எடுத்த அதே திசுவில் ‘பிராஃப் வி600இ’ என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முழு மரபணு வரிசையையும் படிக்கும் பரிசோதனை விரிவானது, ஆனால் முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் முறையில் ஓரிரு நாள்களிலேயே விடை தெரிந்துவிடும். பிறகு விரிவான பரிசோதனையால் அதை உறுதி செய்துகொள்ளலாம். இரண்டையும் தொடங்கிவைத்து, விரைவாக வரும் முடிவைக் கொண்டு செயல்பட வேண்டும் என்பதே வழிகாட்டியின் பரிந்துரை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2014இல் இந்த ஒரு நோய்க்காகவே தனிக் குழு அமைத்தது. ‘ஃபாஸ்ட்’ என்பது அதன் சுருக்கப் பெயர். நோயாளியின் பெயர் வந்ததும் அறுவை நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், திசு ஆய்வாளர் எல்லாரும் சேர்ந்து பார்ப்பதற்கான ஏற்பாடு அது.

நம் பகுதியில் சிங்கப்பூரின் தேசியப் புற்றுநோய் நிலையம், தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகம், மலேசியாவில் புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம், கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற இடங்களில் பல துறை நிபுணர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். சிறிய ஊர் மருத்துவமனையில் நோய் தெரியவந்தால், அங்குள்ள மருத்துவரிடமே இத்தகைய மையத்துக்குத் தொலைபேசியில் பேசி அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். கடிதத்தோடு போய் வரிசையில் தேதி வாங்குவதைவிட மருத்துவர் மருத்துவரோடு பேசுவது நாள்களை மிச்சப்படுத்தும்.

அணையாத சுவிட்ச்

பிராஃப் என்பது நம் எல்லாருடைய செல்களிலும் இருக்கும் மரபணு. ‘வளர்’ என்ற கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் சுவிட்சுகளில் ஒன்று அது. தேவைப்படும்போது எரியும், பிறகு அணையும். வி600இ என்ற மாற்றம் வந்துவிட்டால் அந்த சுவிட்ச் எரிந்த நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. செல் நிற்காமல் பெருகுகிறது.

அனாபிளாஸ்டிக் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இந்த மாற்றம் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இது பிறப்பால் வருவதில்லை. கட்டியில் மட்டும் ஏற்படுவது. ஆகவே பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று இதை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த சுவிட்சை அணைக்கும் மருந்து டப்ராஃபெனிப். ஒன்றை மட்டும் அடைத்தால் புற்றுநோய் சீக்கிரமே மாற்றுப் பாதை கண்டுபிடித்துவிடும். எனவே அதே பாதையின் அடுத்த கட்டத்தை அடைக்கும் டிராமெடினிப் என்ற மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். இரண்டும் வாய்வழியாக உட்கொள்ளும் மருந்துகள். தோல் புற்றுநோயான மெலனோமாவுக்காக முதலில் வந்தவை.

நூறில் ஒருவருக்கு வரும் நோய்க்குத் தனியாக மருந்து ஆய்வு நடத்துவது எளிதல்ல, போதிய நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள். இந்தத் தடையை ‘ரோர்’ என்ற அனைத்துலக ஆய்வு வேறு விதமாகத் தாண்டியது. எந்த உறுப்பில் வந்த புற்றுநோய் என்று பிரிக்காமல், பிராஃப் வி600இ மாற்றம் உள்ள பலவகை அரிய புற்றுநோய்களை ஒரே ஆய்வுக்குள் கொண்டுவந்தது. அதில் அனாபிளாஸ்டிக் நோயாளிகளிடம் கிடைத்த பலனைப் பார்த்து, 2018 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்து ஜோடியை அனாபிளாஸ்டிக் நோய்க்கு அங்கீகரித்தது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நோயின் பெயர் தெரிந்த அன்று இரவு, வீட்டில் யாராவது ஒருவர் கைபேசியில் தேடுவார். பெரும்பாலும் அது படித்து வேலை பார்க்கும் மகனோ மகளோ ஆக இருக்கும். அவர் கண்ணில் முதலில் படும் எண் “மூன்று முதல் ஆறு மாதம்” என்பதாக இருக்கும். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கும் முறை ஒன்று இருக்கிறது.

அது பெரும்பாலும் இந்த மருந்துகள் வருவதற்கு முன்பு சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. அந்தக் காலத்தில் ஐந்தில் ஒருவர்தான் ஓராண்டைத் தாண்டினார்.

ரோர் ஆய்வில் இந்த நோய் இருந்தவர்கள் 36 பேர். அவர்களில் 56 விழுக்காட்டினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஓராண்டுக்குப் பிறகு ஏறத்தாழ 52 விழுக்காட்டினரும் இரண்டாண்டுக்குப் பிறகு ஏறத்தாழ 32 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள்.

எம்.டி. ஆண்டர்சன் மையம் தன்னிடம் 2000 முதல் 2019 வரை வந்த 479 நோயாளிகளின் விவரத்தை 2020இல் வெளியிட்டது. 2000 முதல் 2013 வரை வந்தவர்களில் 35 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தார்கள். 2014 முதல் 2016 வரை அது 47 விழுக்காடு. 2017 முதல் 2019 வரை 59 விழுக்காடு. அவர்களில் 20 பேருக்கு முதலில் பிராஃப் மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை சிகிச்சை செய்தார்கள். அறுக்கவே முடியாது என்று கருதப்பட்ட கட்டிகள் அவ்வாறு அறுக்கக்கூடியவை ஆயின. அந்தச் சிறு குழுவில் 94 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தார்கள்.

இந்த எண்களையும் கவனத்தோடுதான் பார்க்க வேண்டும். இருபது பேர் என்பது சிறிய குழு. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டவர்களே அறுவை சிகிச்சை மேசை வரை வந்தவர்கள். இவ்வளவு பெரிய மையத்துக்குப் பயணம் செய்து வர முடிந்தவர்கள், வர முடியாதவர்களைவிட உடல் தெம்பு உள்ளவர்களாக இருந்திருக்கலாம். மருந்தும் பலருக்குச் சில மாதங்களில் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. இந்த நோய் வென்றெடுக்கப்பட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. முன்பு அடைத்திருந்த கதவு சிலருக்கு ஓரளவு திறந்திருக்கிறது.

எண்ணைப் படிப்பது எப்படி என்பதற்கு ஓர் அறிவியலாளரின் அனுபவம் உதவும். ஸ்டீபன் ஜே கோல்ட், அமெரிக்காவின் புகழ்பெற்ற பரிணாம உயிரியல் அறிஞர். 1982இல் அவருக்கு வயிற்று உறையில் ‘மெசோதெலியோமா’ எனும் அரிய புற்றுநோய் வந்தது. அவர் படித்த நூல்கள் எட்டு மாதம் என்ற எண்ணைக் காட்டின. அது நடு எண் என்பதைக் கவனித்தார். பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்றால், மீதிப் பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்கிறார்கள். சிலர் பல ஆண்டுகள். அந்தப் பாதியில் தான் இருக்க என்னென்ன காரணங்கள் உள்ளன என்று பட்டியல் போட்டார். 1985இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். மேலும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் நடு எண்ணை யாருக்கும் விதிக்கப்பட்ட தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாற்றம் இல்லை என்று வந்தால்

பிராஃப் மாற்றம் இல்லாதவர்களுக்கு வழிகள் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கட்டி அறுக்கக்கூடிய நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சை, அதன்பின் ஏறக்குறைய ஆறு வாரக் கதிர்வீச்சு, கூடவே கீமோதெரபி என்பதே பழைய, இன்றும் பயன்படும் பாதை. அறுக்க முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் கட்டியைக் கட்டுப்படுத்தி மூச்சுப் பாதையைக் காக்க உதவும்.

மிகச் சிலருக்கு ‘ரெட்’, ‘என்ட்ரக்’ எனும் வேறு மரபணுக்களில் மாற்றம் இருக்கும். அவற்றுக்கும் தனி மருந்துகள் வந்துவிட்டன. அதனால்தான் விரிவான மரபணுப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் முயன்று பார்க்கப்படுகின்றன. ஸ்பார்டலிசுமாப் என்ற அத்தகைய மருந்தை 42 அனாபிளாஸ்டிக் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 19 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. ஐந்தில் ஒருவருக்குக் குறைவுதான் என்றாலும், வேறு எதுவும் இல்லாத இடத்தில் அது மருத்துவர்கள் கவனித்த ஒன்று. உங்கள் மருத்துவமனையில் புதிய மருந்து ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று கேட்பது இங்கே வீண் கேள்வி இல்லை.

வீட்டில் மருந்தோடு

பிராஃப் மருந்துகள் கீமோவைப்போல் முடி கொட்டச் செய்து படுக்கையில் தள்ளும் மருந்துகள் அல்ல. ஆனால் சாதாரண மாத்திரைகளும் அல்ல. அடிக்கடி வருவது காய்ச்சலும் குளிரும். “காய்ச்சல்தானே” என்று பனடோல் கொடுத்துவிட்டுப் படுக்கவைக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் மருந்தைச் சற்று நிறுத்த வேண்டுமா என்று சிகிச்சைக் குழுவிடம் அன்றே கேட்க வேண்டும். இதயத்தின் செயல்பாட்டை அவ்வப்போது ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். பார்வை மங்கினால் உடனே சொல்ல வேண்டும். இந்த மருந்துகளை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்; காலைப் பசியாறலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுவது வசதி.

நாட்டு மருந்து, மூலிகைச் சாறு, யாரோ ஊரிலிருந்து அனுப்பிய பொடி எது கொடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சில மூலிகைகள் இந்த மருந்துகள் ரத்தத்தில் தங்கும் அளவையே மாற்றிவிடக்கூடும். திட்டுவார்களோ என்று மறைப்பதால்தான் சிக்கல் வருகிறது.

விழுங்க முடியாதவருக்குச் சோறு ஊட்டிக் கட்டாயப்படுத்துவது மூச்சுக்குழலுக்குள் உணவு போகும் ஆபத்தைத் தரும். எதைக் குழைக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவமனையின் பேச்சு, விழுங்கு பயிற்றுநர் சொல்லித்தருவார். தேவைப்பட்டால் வயிற்றில் நேராக ஊட்டும் குழாய் பொருத்துவார்கள். சிகிச்சை முடியும்வரை உடல் எடையைக் காக்க அது உதவும்.

செலவைப் பற்றியும் முதல் வாரத்திலேயே

இலக்கு மருந்துகள் விலை மிக்கவை. சிங்கப்பூரில் 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, புற்றுநோய் மருந்துகளை ஒரு பட்டியலின் அடிப்படையில் ஏற்கிறது. பட்டியலில் மருந்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த நோய்க்காக என்பதும் பொருந்த வேண்டும். அதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் மருத்துவ அட்டை வைத்திருப்பவர்கள், வெளிநோயாளியாக வீட்டிலேயே உட்கொள்ளும் புற்றுநோய் மருந்துக்கும் காப்புறுதி உண்டா என்று கேட்க வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்கள் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதியைப் பற்றி விசாரிக்கலாம். இரு நாடுகளிலும் இதற்கெல்லாம் முதலில் பார்க்க வேண்டியவர் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளர். வீட்டை அடகு வைக்கும் பேச்சுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள்.

“அம்மாக்கிட்ட சொல்லாதீங்க, டாக்டர்”

புற்றுநோய்ப் பிரிவுகளில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சொல்லும் வாக்கியங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். அன்பினால் சொல்வது. பயந்துவிடுவார், மனம் உடைந்துவிடும் என்ற கவலை. மற்ற நோய்களில் அந்த மௌனத்துக்குச் சில மாத அவகாசமாவது இருக்கும். இந்த நோயில் இல்லை. இது குரலைத் தாக்கும் நோய். இன்று கேட்காத கேள்விக்கு அடுத்த மாதம் அவரால் வாய்திறந்து பதில் சொல்ல முடியாமல் போகலாம்.

கேட்க வேண்டியவை கடினமானவை. மூச்சுக்குழல் அடைபட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க அவர் சம்மதிப்பாரா? மருந்து வேலை செய்யாவிட்டால் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இயந்திரத்தோடு இருக்க விரும்புவாரா, வீட்டில் இருக்க விரும்புவாரா? தனக்காக முடிவெடுக்க யாரை நம்புகிறார்? சிங்கப்பூரில் இத்தகைய விருப்பங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. மலேசியாவிலும் மருத்துவக் குழுவிடம் சொல்லிக் குறிப்பில் எழுதவைக்கலாம்.

கழுத்துத் துளை என்றதும் பலர் வாழ்க்கை முடிந்ததாக நினைக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வில்லியம் ரென்குவிஸ்ட் தமக்குத் தைராய்டு புற்றுநோய் வந்திருப்பதை 2004 அக்டோபரில் அறிவித்தார். வயது 80. எந்த வகை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பெற்ற சிகிச்சையைப் பார்த்து அது அனாபிளாஸ்டிக் வகை என்றே பல மருத்துவர்கள் கருதினார்கள். கழுத்தில் துளையிடப்பட்டது. கதிர்வீச்சும் கீமோவும் நடந்தன. 2005 ஜனவரி 20 அன்று, குளிரில், அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு அவரே வந்து பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் தேதி மறைந்தார். இன்றைய மருந்துகள் அன்று இல்லை. இருந்த மாதங்களில் எதைச் செய்ய வேண்டும் என்பதை அவர் தாமே முடிவு செய்தார்.

2021 வழிகாட்டி, நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நோய்த்தணிப்பு என்றால் கைவிடுவது என்று பொருளில்லை. வலி, மூச்சுத் திணறல், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே அவர்களும் வரலாம். சிங்கப்பூரில் எச்சிஏ ஹாஸ்பிஸ், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹாஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகள் வீட்டுக்கே வந்து இந்தப் பராமரிப்பை இலவசமாகத் தருகின்றன.

மருத்துவரிடம் கேட்க ஏழு கேள்விகள்

அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும். இதை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

1. திசுப் பரிசோதனையில் அனாபிளாஸ்டிக் என்று உறுதியாகிவிட்டதா? லிம்ஃபோமா இல்லை என்று பார்த்தாயிற்றா?

2. பிராஃப் வி600இ பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா? விரைவாக முடிவு தரும் முறையிலா? எந்தத் தேதியில் முடிவு வரும்?

3. 4ஏ, 4பி, 4சி: இதில் எது?

4. மூச்சுப் பாதை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா? வீட்டில் எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும்?

5. இந்த நோயாளியைப் பற்றி எல்லா நிபுணர்களும் சேர்ந்து பேசும் கூட்டம் என்றைக்கு? இந்த நோயை அதிகம் பார்த்த மையத்தோடு நீங்கள் பேச முடியுமா?

6. முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கி, பிறகு அறுவை சிகிச்சை செய்யும் வாய்ப்பு உண்டா?

7. நோய்த்தணிப்புக் குழுவை எப்போது பார்க்கலாம்?

எட்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை மருத்துவரிடம் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்குத் திரும்பி, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நோயாளியிடமே கேட்க வேண்டும்: “உங்களுக்கு என்ன வேணும்மா?”